ஆம்பில் சவுண்டு கிழிகிறதா? ஐசியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பாட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றியதும் குரல் கிழியும். பேஸ் விழும் இடத்தில் படபடவென்று உடையும். உடனே கை போவது சவுண்டைப் பெருக்கும் பவர் ஐசி பக்கம். பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் பற்றவைத்தால் மறுபடியும் அதே சவுண்டு. இதற்குள் போர்டின் செப்புத் தடமும் ஓரிரு இடத்தில் உரிந்திருக்கும்.

பவர் ஐசி போனால் பெரும்பாலும் மொத்தமாகப் போய்விடும். ஃபியூஸ் எரியும், அல்லது ஸ்பீக்கருக்கு டிசி வரும். கிழிசல் என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்: சப்ளை பற்றாமை, முன்னால் உள்ள போர்டு அளவுக்கு மீறித் தள்ளுவது, கிரவுண்டு கம்பி தவறான இடத்தில் சேர்ந்திருப்பது, ஸ்பீக்கரே உரசுவது. இவற்றில் எது என்பதை, சவுண்டு எப்போது கிழிகிறது என்பதே பாதி சொல்லிவிடும். அதனால் முதலில் காது, பிறகு மல்டிமீட்டர், கடைசியில்தான் சோல்டரிங் அயர்ன்.

எப்போது கிழிகிறது?

நன்றாகப் பழகிய, குரல் தெளிவாக உள்ள ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் ஈக்வலைசரை அணைத்துவிட்டு, ஆம்பில் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைத்து, அடிமட்ட வால்யூமிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.

குறைந்த வால்யூமில் சுத்தம், ஒரு அளவுக்கு மேல் திடீரென்று கிழிகிறது என்றால் அது கிளிப்பிங். அலையின் உச்சி, சப்ளை வோல்ட்டேஜ் என்ற கூரையில் இடித்து மட்டமாகிறது. சப்ளை, கெயின் (ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது) இரண்டையும் பாருங்கள்.

குறைந்த வால்யூமில்தான் பிசிறு, ஏற்றினால் சரியாகிறது என்றால், தனி டிரான்சிஸ்டர் வைத்த ஆம்பில் பயஸ் (சிக்னல் இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடவிடும் சிறு மின்னோட்டம்) குறைவு.

எந்த வால்யூமிலும் கரகரப்பு என்றால் ஸ்பீக்கர், சரியாகப் பற்றாத சோல்டர், டிசி கசியும் கெப்பாசிட்டர் என்ற வரிசையில் தேடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்றால் சூடு.

பாட்டே இல்லாதபோதும் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று கேட்பது ஹம். அது கிழிசல் ஆகாது, வைத்தியமும் வேறு. இரண்டும் சேர்ந்தே இருந்தால் ஹம்மை முதலில் தீருங்கள். கிரவுண்டைச் சரிசெய்யும்போது பல நேரம் கிழிசலும் கூடவே போய்விடும்.

கை வைக்கும் முன்

டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையில் உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரு முனைகளிலும் வைத்து அரை நிமிடம் பிடியுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் ஆனாலும் இறங்கிவிடும். பிறகு மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழ் வந்ததைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

பிரித்துச் சேர்த்த ஆம்பை முதல் முறை ஆன் செய்யும்போது மெயின்ஸ் லைனில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போடுங்கள். இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும், எல்இடி உதவாது. எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். வேலை முடியும்வரை நல்ல ஸ்பீக்கரைச் சேர்க்காமல், கெட்டாலும் பரவாயில்லை என்ற ஒரு ஸ்பீக்கரை வைத்துக்கொள்வது நல்லது.

பாதையை இரண்டாகப் பிரித்தல்

ஃபோன், புளூடூத் போர்டு, டோன் போர்டு (பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் உள்ளது), பவர் ஆம்ப், ஸ்பீக்கர் என்று ஒரு வரிசை. குற்றவாளி எந்தப் பக்கம் என்பதை மாற்றிப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு சேனல் மட்டும் கிழிகிறது என்றால் வேலை சுலபம். ஆம்பை அணைத்துவிட்டு, இடது ஸ்பீக்கரையும் வலது ஸ்பீக்கரையும் இடம் மாற்றுங்கள். கிழிசல் ஸ்பீக்கரோடு கூடவே போனால் ஸ்பீக்கர். அதே சேனலில் தங்கிவிட்டால், ஸ்பீக்கர்களைப் பழையபடி வைத்து, பவர் ஆம்புக்கு வரும் இன்புட் கம்பிகளை மாற்றுங்கள். இப்போது கிழிசல் இடம் மாறினால் குற்றம் பவர் ஆம்புக்கு முன்னால். மாறாவிட்டால் பவர் ஆம்பிலேயே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

இரண்டு சேனலும் கிழிந்தால் பொதுவான இடத்தைச் சந்தேகியுங்கள்: சப்ளை, கிரவுண்டு, டோன் போர்டு, அல்லது ஃபோனே. புளூடூத்தையும் டோன் போர்டையும் கழற்றிவிட்டு, ஃபோனின் ஹெட்ஃபோன் வெளியீட்டை நேராக வால்யூம் கன்ட்ரோலுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஃபோன் சார்ஜரில் இருக்கக் கூடாது. வால்யூம் கன்ட்ரோலையே விட்டுவிட்டு நேராக பவர் ஆம்புக்குக் கொடுத்தால் முழு சவுண்டில் பாயும், கவனம்.

ஸ்பீக்கர்

மீட்டரை ஓம்ஸில் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3.2 முதல் 3.6 வரை. 8 ஓம் ஊஃபர் 2 ஓம் காட்டினால் வாய்ஸ் காயிலின் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) சுற்றுகள் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அதை மாட்டி ஆம்பைச் சோதிக்காதீர்கள்.

அடுத்து உரசல். ஊஃபரை மேசையில் மல்லாக்க வைத்து, இரண்டு கைகளின் விரல் நுனிகளையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, ஒரே சீராக உள்ளே அழுத்தி விடுங்கள். காதை அருகில் வையுங்கள். சத்தமே வரக் கூடாது. மணல் தாளைத் தேய்ப்பது போல 'சரக்' என்று மெல்லக் கேட்டாலும் காயில் காந்த இடுக்கில் உரசுகிறது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் நல்ல ஸ்பீக்கரும் உரசும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உரசல் இல்லை என்றால், 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை மிதமான வால்யூமில் ஓடவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் 'டர்ர்' என்று வந்தால் அது அதிர்வு. டஸ்ட் கேப்பின் ஓரம் பிரிந்திருக்கலாம், கோனுக்குப் போகும் பின்னல் கம்பி கோனில் அடிக்கலாம், பெட்டிக்குள் கம்பி தளர்ந்து தொங்கலாம், திருகு இறுகாமல் இருக்கலாம். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பிடித்தால், எதைத் தொடும்போது நிற்கிறதோ அதுதான்.

ட்விட்டர் மட்டும் 'சிர்' என்று கிழிந்தால் அதன் தொடரில் உள்ள கெப்பாசிட்டரைப் படியுங்கள். 8 ஓம் ட்விட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்துவிடும். அந்த இடத்தில் 47 போய் உட்கார்ந்தால் எல்லை 420 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். பாதிக் குரல் ட்விட்டருக்குள் நுழைந்து அதை உடைக்கும். ஒரு புள்ளிதான் வித்தியாசம், அச்சு தேய்ந்த கெப்பாசிட்டரில் இது எளிதில் நடக்கும்.

சத்தமாக வைத்தால் மட்டும் கிழிவது: கணக்கைப் போடுங்கள்

கட்டும்போது பலர் போடாமல் விடும் கணக்கு இது. டிரான்ஸ்ஃபார்மரில் 12-0-12 என்று எழுதியிருந்தால், ரெக்டிஃபை செய்த பிறகு ஒவ்வொரு பக்கமும் 12 ஐ 1.414 ஆல் பெருக்கி, டையோடுக்குச் சுமார் 1 வோல்ட் கழித்தால் 16 வோல்ட். ஐசியால் அந்த 16 வரைக்கும் போக முடியாது; இரண்டு மூன்று வோல்ட் உள்ளுக்குள்ளேயே நின்றுவிடும். உச்சி 13 வோல்ட் என்று வையுங்கள். வாட் என்பது உச்சி வோல்ட்டின் வர்க்கத்தை, ஓமின் இரு மடங்கால் வகுத்தது: 169 ஐ 16 ஆல் வகுத்தால் 8 ஓமில் சுமார் 10 வாட். அதற்கு மேல் கேட்டால் கிழியத்தான் செய்யும். போர்டின் மேல் எத்தனை வாட் என்று அச்சடித்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 18-0-18 போட்டால் ±24 (கிரவுண்டுக்கு மேலே 24, கீழே 24 வோல்ட்) கிடைக்கும், உச்சி 20 வோல்ட், 8 ஓமில் 25 வாட். ஆனால் வோல்ட்டேஜை ஏற்றும் முன் ஐசியின் எல்லையைப் பாருங்கள்: டிடிஏ 2030ஏ என்ற பவர் ஐசி தாங்குவது ±22 வரைதான், ±24 கொடுத்தால் போய்விடும். எல்எம் 3886 ±24 இல் நிம்மதியாக ஓடும்.

கணக்குப்படி போதும், ஆனாலும் கிழிகிறது என்றால் சப்ளை பாட்டோடு சேர்ந்து இறங்குகிறதா என்று பாருங்கள். மீட்டரை டிசியில் வைத்து, கறுப்பு முனையை கிரவுண்டிலும் சிவப்பை பிளஸ் லைனிலும் பிடித்து, பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போடுங்கள். 24 வோல்ட் 21 க்கு இறங்கி ஏறினால் சரி. 16, 15 என்று விழுந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சிறியது, அல்லது கெப்பாசிட்டர் வறண்டது, அல்லது பிரிட்ஜில் ஒரு டையோடு திறந்துகொண்டது. மைனஸ் லைனையும் இப்படியே பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கக் கெப்பாசிட்டர் அல்லது டையோடு.

கெப்பாசிட்டர் எவ்வளவு வேண்டும்? மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சார்ஜுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.01 விநாடி. 1 ஆம்பியர் இழுத்தால் 2,200 மைக்ரோஃபாரட்டில் சுமார் 4.5 வோல்ட் ஊசலாடும். 4,700 இல் 2.1, 10,000 இல் 1 வோல்ட். அந்த ஊசல் முழுவதும் கூரையிலிருந்து கழிகிறது. ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் 2,200 மட்டும் வைத்து 4 ஓம் ஊஃபரை ஓட்டினால், பேஸ் விழும்போதெல்லாம் கூரை தாழ்ந்து வந்து குரலையும் சேர்த்து இடிக்கும். பேஸுக்கு ஒத்து குரல் கரகரப்பது இதன் அடையாளம்.

இந்த ஊசலை மீட்டரின் ஏசியில் அளக்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை: விலை குறைந்த மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்துப் பொய்யான பெரிய எண்ணைக் காட்டும். முனையின் தொடரில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரைப் போட்டால்தான் அளவை நம்பலாம்.

முன்னால் இருந்து தள்ளுவது

சப்ளை சரி, ஆனால் வால்யூம் குமிழ் பாதிக்கு வருமுன்பே கிழிகிறது. இங்கே கெயின் அதிகம். டிடிஏ 2030 போர்டுகளில் ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் வழக்கமாக 22 கிலோ ஓம், 680 ஓம். 22,000 ஐ 680 ஆல் வகுத்து 1 ஐக் கூட்டினால் கெயின் 33. வெளியே 13 வோல்ட் உச்சி என்றால் உள்ளே 0.4 வோல்ட் போதும். ஃபோன் அதைவிட அதிகம் தரும். இடையில் டோன் போர்டும் பெருக்கினால் சொல்லவே வேண்டாம். 680 ஐ 1 கிலோ ஓமாக மாற்றினால் கெயின் 23 ஆகும், குமிழை நிதானமாகத் திருப்பலாம். ரொம்பவும் குறைக்காதீர்கள்: எல்எம் 3886, எல்எம் 1875 இரண்டும் கெயின் 10 க்குக் கீழே போனால் ஆசிலேட் ஆகும், அதாவது உள்ளே சிக்னல் இல்லாமலேயே தானே கத்தும்.

பேஸ் குமிழை முழுக்கத் திருப்புவதுதான் கிழிசலுக்கு எல்லோரும் கண்டுகொள்ளாமல் விடும் காரணம். 10 டெசிபல் ஏற்றுவது என்றால் அந்தப் பகுதிக்கு 10 மடங்கு வாட். பேஸ் நடுவில் இருக்கும்போது 2 வாட்டில் நிம்மதியாக ஓடும் பாட்டு, முழுக்கத் திருப்பியதும் 20 கேட்கும். 10 வாட் ஆம்ப் எங்கே போகும்? ஃபோன் ஈக்வலைசரில் ஏற்றினால் இன்னும் மோசம், ஆம்புக்கு வருமுன்பே டிஜிட்டலில் உச்சி வெட்டுப்பட்டுவிடும். அதை எந்த ஆம்பாலும் சரிசெய்ய முடியாது. வால்யூமைக் குறைத்தாலும் கிழிசல் அப்படியே சின்னதாகத் தொடர்கிறது என்றால், வெட்டு முன்னாலேயே விழுந்துவிட்டது.

டோன் போர்டில் என்இ 5532 என்ற ஆப்ஆம்ப் (சிறு சிக்னலைப் பெருக்கும் ஐசி) இருந்தால் அதற்கு வரும் வோல்ட்டேஜை அளங்கள். அந்த ஐசிக்கு மொத்தம் 10 வோல்ட்டாவது வேண்டும். புளூடூத் போர்டின் 5 வோல்ட்டிலிருந்தே இதற்கும் இழுத்துவிடுகிறார்கள். அப்போது அது சிறிய சிக்னலுக்கே இடிக்கும். 12 வோல்ட் தனியாகக் கொடுங்கள். ஒற்றை சப்ளையில் ஓடும் ஆப்ஆம்பின் வெளியீட்டுக் காலில் பாதி வோல்ட்டேஜ் நிற்க வேண்டும், 12 க்கு 6. அது 9 இல் நின்றால் அலையின் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் இடிக்கும். பாதி வோல்ட்டை உருவாக்கும் இரண்டு ரெசிஸ்டர்களையும் அவற்றின் கெப்பாசிட்டரையும் பாருங்கள்.

வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் குமிழுக்கு வரும் காலில் டிசி அளங்கள். பூஜ்யம் என்றால் அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் போதும். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது, அல்லது தலைகீழாக மாட்டியிருக்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் அது திரும்ப வரும்.

கிரவுண்டு

ஸ்பீக்கரின் மைனஸ் கம்பியை, பக்கத்தில் இருக்கிறதே என்று ஆம்ப் போர்டின் இன்புட் கிரவுண்டில் பற்றவைப்பது பெரிய தவறு. ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் ஆம்பியர் கணக்கான மின்னோட்டம், இன்புட் சிக்னலின் மில்லிவோல்ட்டுகள் உட்கார்ந்திருக்கும் அதே தடத்தில் ஓடும். தடத்தின் ஓம் 0.01 தான் இருந்தாலும் 3 ஆம்பியருக்கு 30 மில்லிவோல்ட். அதை ஆம்ப் 33 மடங்கு பெருக்கும். சப்ளையின் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் சேரும் நடுப்புள்ளியை எடுத்து, அதிலிருந்து தடித்த செப்புக் கம்பியில் சிறிது தள்ளி ஒரு கூட்டுப்புள்ளி வையுங்கள். ஸ்பீக்கர் மைனஸ், போர்டின் பவர் கிரவுண்டு, இன்புட் கிரவுண்டு மூன்றும் தனித்தனிக் கம்பியாக அங்கே வந்து சேரட்டும். பிளஸ், மைனஸ், கிரவுண்டு சப்ளைக் கம்பிகளை ஒன்றாக முறுக்கிக் கொண்டு போங்கள். இன்புட் ஷீல்டு கம்பி அவற்றோடு ஒட்டிப் போக வேண்டாம்.

மெல்லிய வால்யூமில் பிசிறு: பயஸ்

தனி டிரான்சிஸ்டர் வைத்த கிட்டுகளில் பிளஸ் பக்க டிரான்சிஸ்டர் விடும் இடத்துக்கும் மைனஸ் பக்கம் எடுக்கும் இடத்துக்கும் இடையே சிறு இடைவெளி விழும். பெரிய அலையில் தெரியாது. சிறிய அலையில் அதுவே பெரும்பங்கு. இன்புட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். 0.22 ஓம் ரெசிஸ்டரில் 50 மில்லிஆம்பியர் என்பது 11 மில்லிவோல்ட். உங்கள் கிட்டுக்குச் சொன்ன அளவுக்கு பிரீசெட் என்ற சிறு திருகு ரெசிஸ்டரை மிக மெதுவாகத் திருப்பி, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் பயஸ் டிரான்சிஸ்டர் ஹீட் சிங்க்கைத் தொடவில்லை, உடனே அணையுங்கள்.

அப்படியே ஸ்பீக்கர் முனைகளில் டிசியையும் அளந்துவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 100 தாண்டினால் காரணம் தெரியும்வரை ஸ்பீக்கரைச் சேர்க்காதீர்கள்.

ஆசிலேஷன், சூடு

பாட்டே போடாமல் ஹீட் சிங்க் கொதிக்கிறது, பாட்டு போட்டால் மணல் கலந்தது போல் இருக்கிறது: காதுக்குக் கேட்காத உயரத்தில் ஆம்ப் தானே கத்திக்கொண்டிருக்கிறது. மீட்டரில் இது பெரும்பாலும் தெரியாது. சப்ளைக் கால்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, ஐசியை ஒட்டியே, 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் அல்லது செராமிக் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று வையுங்கள்; இரண்டு விரல் தள்ளிப் போனாலே பயன் குறையும். வெளியீட்டில் ரெசிஸ்டரும் 0.1 அல்லது 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடரில் கிரவுண்டுக்குப் போகும் ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். எல்எம் 3886 க்கு அந்த ரெசிஸ்டர் 2.7 ஓம், டிடிஏ 2030 க்கு 1 ஓம். அது கருகியிருந்தால் ஆசிலேஷனுக்கு அதுவே சாட்சி.

சூடானதும் சவுண்டு உடைந்து விட்டுவிட்டு வந்தால் ஐசியின் உள் பாதுகாப்பு வேலை செய்கிறது. எல்எம் 3886 இல் உள்ளே சுமார் 165 டிகிரிக்கு நிறுத்தி, 155 க்கு இறங்கியதும் மறுபடி தொடங்கும். ஹீட் சிங்க் தொட முடியாத சூடு என்றால் சிறியது. ஹீட் சிங்க் குளிர்ந்தே இருந்து ஐசி மட்டும் கொதித்தால் இணைப்பு மோசம்: திருகை இறுக்குங்கள், பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவுங்கள். டிடிஏ 2030, சாதாரண எல்எம் 3886 இரண்டின் உலோக முதுகும் மைனஸ் லைனோடு சேர்ந்தது. மைக்கா துண்டும் திருகுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் பெட்டியில் பொருத்தக் கூடாது. நான்கு ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சேனலில் பேரலலாக மாட்டினால் 2 ஓம், அதற்கும் இதே அறிகுறிதான் வரும்.

கிளாஸ் டி போர்டுகள்

டிபிஏ 3116 ஐசி உள்ளது போன்ற சிறு கிளாஸ் டி போர்டுகளில் (அதிவேகமாக ஆன், ஆஃப் ஆகிப் பெருக்குபவை) பேஸ் விழும்போது சவுண்டு நின்று, அரை விநாடியில் திரும்ப வந்தால் அடாப்டர் தாங்கவில்லை. 12 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 15 வாட் என்றால் மொத்தம் 30 வாட்; இழப்போடு சேர்த்து 2.8 ஆம்பியர். 2 ஆம்பியர் அடாப்டர் வெட்டிவிடும், 5 ஆம்பியர் போடுங்கள். வோல்ட்டேஜை 24 க்கு ஏற்றிய பிறகு பேஸில் மட்டும் கிழிந்து, வெளியீட்டுக் காயில்கள் சுட்டால், அவை சிறியவை. 4 ஓமில் 6 ஆம்பியர் வரை உச்சி போகும், அதற்கு மேல் தாங்கும் 10 மைக்ரோஹென்ரி காயில் வேண்டும். இந்த போர்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் இயங்குபவை. எந்த மைனஸையும் கிரவுண்டிலோ அடுத்த சேனலின் மைனஸிலோ சேர்க்காதீர்கள். ஆசிலோஸ்கோப் கிரவுண்டு கிளிப்பையும் அங்கே மாட்டாதீர்கள்.

வந்துவந்து போகும் கரகரப்பு மட்டும் மிச்சம் என்றால், பாட்டு ஓடும்போது காய்ந்த மரக்குச்சியால் போர்டில் ஒவ்வொரு பாகத்தையும் மெதுவாகத் தட்டுங்கள். பெரிய கெப்பாசிட்டர்களின் கால்கள், ஸ்பீக்கர் கனெக்டர், ஐசிக் கால்கள் இவற்றில் தொடங்குங்கள். தட்டும்போது கரகரத்த இடத்தில், பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை இறக்கிவிட்டு, பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவையுங்கள். பழையதின் மேலேயே புது ஈயத்தை அப்பினால் உள்ளே இருக்கும் விரிசல் அப்படியே இருக்கும். முடித்ததும் மூடியைப் பூட்டாமல், வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் டிசியையும் ஹீட் சிங்க் சூட்டையும் மறுபடி பாருங்கள்.